காலுக்கு மட்டும் சித்திரை

தினமும் குளிக்கப் போகுமுன் "கண்ணு, அண்டாவுல கை வெச்சுப் பாரு" என்று உங்கள் இருவரில் யாரையாவது கூப்பிடுகிறேன். இத்தனை வயதாகியும் அப்பாவுக்குத் தண்ணீர் சூடு பார்க்கத் தெரியாதா என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பால் சொசைட்டி வண்டி வந்துவிட்டது. ஒரு வாயில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். டாக்டர் சொன்னதில் எனக்கு விளங்கினதை மட்டும்தான் எழுதுவேன். விளங்காததையும் விளங்கின மாதிரி சொல்ல நான் ஒன்றும் உங்கள் மாமா இல்லை.

எங்கள் மீனாட்சிபுரம் பக்கத்தில் மனுஷனுக்கு வருகிற எல்லாச் சீக்குக்கும் காரணம் ஒன்றுதான். சூடு. கண் சிவந்தால் சூடு. வயிறு போனால் சூடு, போகாவிட்டாலும் சூடு. பெரியவன் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டபோது, "மூளைச் சூடு சாமி. வாரம் ரெண்டு தடவ எண்ண தேச்சுத் தண்ணி வாத்து உடுங்க" என்று உங்கள் அத்தை சொன்னாள். வாத்தோம். அடுத்த பரீட்சையிலும் கோட்டை விட்டான். ஆனால் தலை பளபளவென்று இருந்தது.

உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவள். அவளைக் குளுமைக் கட்சித் தலைவி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சித் தலைவர் உங்கள் மாமா, உங்கள் அம்மாவின் அண்ணன். அவருக்கு மனித உடம்பை விட மாட்டு உடம்பு நன்றாகத் தெரியும். மாட்டுக்குக் கால் வீங்கினால் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதன் தொடையில் சூடு இழுக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. கால்நடை டாக்டர் எத்தனையோ தடவை கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா கேட்பதில்லை. "சூடு போட்ட மாடு அப்பறம் நொண்டுதா பாருங்க" என்பார். நொண்டாதுதான். மறுபடியும் கம்பியைக் கொண்டுவந்துவிடுவார்களோ என்று பயந்து நொண்டாமல் நடக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது என் இடது கால்.

குதிகாலை ஒட்டி உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். தோட்டத்திலும் மாடு கட்டுகிற கட்டுத்தரையிலும் கிடக்கிறவன் உள்ளங்காலை யார் பார்க்கப்போகிறார்கள்? புள்ளி படர்ந்தது. ஓரம் கோணலாயிற்று. ஒருநாள் செருப்பில் ரத்தம் பட்டிருந்தது.

அத்தை பார்த்தாள். "சூடு கால் வழியா எறங்குது தம்பி. எறங்கட்டும் உடு."

மாமா பார்த்தார். "கால் ஆணி மாப்ள. ஒரு சூடு இழுத்தா உதுந்துரும்."

உங்கள் அம்மா பார்த்தாள். சேலை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புங்க, பஸ் வந்துரும்" என்றாள்.

பஸ்ஸேறிப் போன ஆஸ்பத்திரியில் அதன் பெயர் மெலனோமா என்றார்கள். நம் தோலுக்குக் கறுப்பைக் கொடுக்கிற செல்கள் கட்டுமீறிப் பெருகுகிற புற்றுநோய். வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயில் படுகிற இடத்தில் வருமாம். நம் நிறக்காரர்களுக்கு வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுதான் அதிகமாம். அந்த இடத்தை வெட்டியெடுத்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். ஒட்டின தோலுக்கு இன்றுவரை சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன என் கையையும் சூடு பார்க்க நம்ப முடியாது.

சின்னவளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

சில மாதம் கழித்துக் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் சின்னச் சின்னக் கறுப்பு மணிகள் தோலுக்கடியில் முளைத்தன. காலில் யாரோ மிளகு தூவிவிட்டுப் போன மாதிரி. முதலில் பார்த்த டாக்டர் காலை எடுத்துவிடுவதுதான் வழி என்றார். முட்டிக்கு மேலே.

வீட்டுக்கு வந்து கறவைக்குப் போனேன். உங்களுக்குத் தெரியும், நான் இரண்டு காலையும் மடக்கிக் குந்தி, போசியை முட்டிக்கு நடுவில் இடுக்கித்தான் கறப்பேன். அன்றைக்கு அப்படிக் குந்தின பிறகுதான், ஒரு காலை எடுத்துவிட்டால் போசியை எங்கே வைப்பது என்று யோசித்தேன். சின்னப் பிள்ளை மாதிரி ஒரு யோசனை. ஆனால் அந்த ஒரு யோசனையில் கறக்கிற கை நின்றுபோய், மாடு திரும்பிப் பார்த்தது.

"இன்னொரு எடத்துல கேட்டுப்போட்டு எடுத்துக்கலாமுங்க" என்றாள் உங்கள் அம்மா.

அப்படித்தான் கடலோர நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா. காலை எடுக்காம ஒண்ணு ஸ்ரமிக்கலாம்" என்றார். பயப்பட வேண்டாம், காலை எடுக்காமல் முயன்று பார்க்கலாம் என்கிறார் என்று புரிந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் சொன்ன வழியைத் தோட்டத்துப் பாஷையில் சொல்கிறேன். ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் மருந்துத் தண்ணீர் விடவேண்டுமென்றால் என்ன செய்வோம்? மற்றப் பாத்திக்குப் போகாமல் வாய்க்காலை மண் போட்டு அடைப்போம். அதே மாதிரி தொடையின் உச்சியில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, காலின் ரத்தத்தை உடம்பு ரத்தத்திலிருந்து கொஞ்ச நேரம் பிரித்துவிடுவார்கள். மெல்லிய குழாய் வழியாகக் காலுக்குள் மட்டும் மருந்தைச் சுற்ற விடுவார்கள். முழு உடம்பும் தாங்காத கடுமையான அளவு அது. கால் தாங்கும். சுற்றி முடிந்ததும் மருந்தை அலசி வெளியே எடுத்துவிட்டு, பட்டையை அவிழ்ப்பார்கள்.

இது வரைக்கும் எங்களுக்குச் சிக்கல் இல்லை. அடுத்த வார்த்தையில்தான் வந்தது.

"அந்த நேரம் காலைச் சூடாக்கணும்" என்றார்.

நானும் உங்கள் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "சூடுங்களா?" என்றேன்.

"சூடு தன்னே. தணுத்துக் குளிர்ந்து கிடக்கிற காலில ரத்தக்குழல் சுருங்கும். மருந்து தோல் வரைக்கும் எத்தாது. சூடான கால்ல குழல் விரியும், மருந்து எல்லா இடமும் போகும். பின்னே, அந்தக் கெட்ட செல் சூட்டில மருந்தைக் கூடுதல் குடிக்கும்."

"எவ்வளவு சூடுங்க?"

"நல்ல காய்ச்சல் வந்த உடம்பு எப்படி இருக்கும்? அவ்வளவு. அதுக்கு மேல கொஞ்சம் போலாம். நிறையப் போனா நல்ல சதையும் வெந்து போகும். அப்புறம் கால் இல்லை."

உங்கள் அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். "பாலுக்கு ஒறை ஊத்தற பதங்களா டாக்டரம்மா? ஆறிப்போனா தோயாது, கொதிச்சா திரிஞ்சு போகும்."

டாக்டரம்மா சிரித்தார். "அதே. ஆனா தயிர் கெட்டா கொட்டிடலாம். கால் கெட்டா?"

உங்கள் அம்மா அதற்கப்புறம் சிரிக்கவில்லை. எத்தனை தடவை எதைக் கேட்டாலும் அந்த ஒரு வரியைத்தான் திருப்பிச் சொல்லுவாள்.

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார். மணிகள் பட்டை கட்டுகிற இடத்துக்குக் கீழே இருக்கிறவரைக்கும்தான் இந்த வழி. அதைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் காலில் சுற்றுகிற மருந்து அங்கே எட்டாது. நாள் கடத்தக்கூடாது. அடுத்த வாரத்துக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னோம். கட்டுத்தரையில்தான் கூட்டம். உட்கார்ந்து கேட்டது அத்தையும் மாமாவும், நின்று கேட்டது மாடுகள்.

"அட சாமி!" என்று அத்தை கன்னத்தில் கை வைத்தாள். "சூட்டுல வந்த சீக்குக்குச் சூடா? பத்தி எரியற வக்கப்போர்ல சீமெண்ண ஊத்தறாப்பல இருக்குது! அந்தம்மா படிச்சுத்தான் வந்துதா?"

மாமாவுக்கு முகமெல்லாம் பல். "நான் என்ன சொன்னேன்? ஆணின்னு நெனச்சது தப்பாப் போச்சு, வைத்தியம் தப்பாப் போச்சா? சூடுதான் மருந்துன்னு அன்னைக்கே சொன்னேன். இதுக்கு ரயிலேறிப் போய் டாக்டரக் கேக்கோணுமா? ஏழு ஊர் மாட்டுக்குச் சூடு போடறவன் இங்கயே இருக்கறான்."

"மச்சான், அவங்க கம்பி காய்ச்சறதில்லீங்க. காய்ச்சல் அளவு சூடு."

"சின்னச் சூடு. ஆசுபத்திரிக்காரங்களுக்குத் தைரியம் பத்தாது."

அத்தை விடவில்லை. ஆபரேஷனை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் இடையில் ஒரு வழி கண்டுபிடித்தாள். "செரி, அவங்க சூடு ஏத்தட்டும். அதுக்கு முன்னாலயே நாம குளுமைய ஏத்திப் போடுவோம். ரெண்டும் சேந்து சரிசமமாயிரும்."

இந்தக் கணக்கில் தப்பு எங்கே என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. கணக்கில் கோட்டை விடுவது நம் குடும்பத்தில் பெரியவனிடம் ஆரம்பித்ததில்லை.

அந்த வாரம் முழுக்க என்னுள் குளுமை ரொப்பப்பட்டது. விடிந்தால் வெந்தயத் தண்ணீர். பிறகு இளநீர். சோற்றில் தயிர், தயிரில் வெள்ளரிக்காய். ஒருநாள் விட்டு ஒருநாள் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்குப் பச்சைத் தண்ணீர். உள்ளங்காலிலும் தொப்புளிலும் விளக்கெண்ணெய். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையிலும் ஒரு சொம்பு பழைய சோற்று நீச்சத்தண்ணி குடித்துவிட்டுத்தான் ரயிலேறினேன். போய் இறங்கும்போது மூக்கு ஒழுகியது. மறுநாள் இருமல், காய்ச்சல்.

மயக்க மருந்து டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். இந்த நெஞ்சை மயக்கத்தில் போட முடியாது, குணமானபிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். காலில் வெப்பமானிக் கம்பி ஒட்டுகிற இடம் பார்க்க வந்த நர்ஸ், விளக்கெண்ணெயைப் பஞ்சால் துடைத்து, மறுபடி துடைத்து, "சேட்டா, இது காலோ, வறுத்த அப்பளமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் அத்தைக்குப் போன் போட்டேன்.

"காச்சலா? நெம்ப நல்லது தம்பி! உள்ள இருந்த சூடு வெளிய வருது பாத்தியா?"

"அக்கா, சளி புடிச்சிருக்குதுக்கா. குளுந்து போயி."

"சளியும் சூடுதான்."

இதற்கு மேல் அறிவியல் என்ன செய்யும்?

காய்ச்சல் இறங்கி இருமல் விடக் காத்திருந்த நாட்களில் ஒருநாள், குளித்துத் துவட்டும்போது என் முட்டிக்கு மேலே விரலில் ஒன்று தட்டுப்பட்டது. ஒரு புது மணி. அதுவரைக்கும் எல்லாம் முட்டிக்குக் கீழேதான் இருந்தது. உங்கள் அம்மா அதன்மேல் விரல் வைத்தாள்; பிறகு தொடையில் பட்டை கட்டுகிற இடத்தில் இன்னொரு விரல் வைத்தாள். நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அத்தைக்கும் சொன்னோம். அந்த ஒருநாள் அவள் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுத்தரைக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி நின்று அழுதாள். பிறகு மாரியாத்தா கோயில் திசை பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு என்னமோ முணுமுணுத்தாள். ஆத்தாளிடம் என்ன பேசினாள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை போகும்போது குளுமைக் கட்சி ஆட்சி இழந்திருந்தது. சூட்டுக் கட்சி ஆட்சிக்கு வந்தது. மாமா கூடவே ரயிலேறினார். கால் ஆறிப்போகக்கூடாது என்று கம்பளியை இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் கையும் வைத்துக்கொண்டார். பங்குனி மாதம். பாலக்காட்டு வெயில். எதிர் சீட்டுக்காரர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருக்க, நான் ஒரு காலை மட்டும் மலையுச்சிக்குக் கூட்டிப்போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி, கம்பளிக்குள் என்ன என்று கேட்டாள். "காலுங்க" என்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

டாக்டரம்மாவிடம் மாமா நேரடியாகவே பேசினார். "ஏனுங்க டாக்டரம்மா, சூடுதானே வேணும்? எங்க ஊரு வெயில்ல கட்டில் போட்டுக் கால நீட்டி உட்டாப் பத்தாதுங்களா?"

"வெயில் தோலைச் சுடும் சேட்டா. எனக்கு உள்ளே இருக்கிற மாம்சம் வரைக்கும் ஒரே சூடு வேணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்க ஊர் வெயிலுக்கு நான் சொன்னா குறையுமா?"

மாமா கொஞ்சம் யோசித்து, "குறையாதுங்க. அது எங்க பேச்சயே கேக்காது" என்று ஒத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அறை மார்கழி மாதம் மாதிரி குளிர்ந்து கிடந்தது. எனக்குப் பல் கிட்டியது. ஆனால் இடது காலைச் சுற்றி வெந்நீர் ஓடுகிற விரிப்பு. அதன்மேல் சூடான காற்று. காலின் தோலிலும் சதையிலும் மெல்லிய வெப்பமானிக் கம்பிகள். அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். உடம்பு மார்கழியில் நடுங்க, காலுக்கு மட்டும் சித்திரை. நம் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆளுக்குள் இரண்டு மாதம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குள் மயக்கம் வந்துவிட்டது. அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

கண் விழித்தபோது கால் தலையணைமேல் இருந்தது. அதுதான் முதலில் பார்த்தது. இருந்தது. ஒருநாள் முழுக்க வெயிலில் போட்ட மாதிரிச் சிவந்திருந்தது, கொஞ்சம் வீங்கியும் இருந்தது. டாக்டரம்மா வந்து பாதத்தில் நாடி பார்ப்பார், கெண்டைக்காலை அழுத்திப் பார்ப்பார், விரலை ஆட்டச் சொல்லுவார். மருந்தும் சூடும் சேர்ந்து நல்ல சதையையும் கொஞ்சம் வாட்டியிருக்கும், அது தானாக ஆறவேண்டும் என்றார். கால் கொஞ்ச நாளைக்கு மரத்த மாதிரி இருக்கும், சுட்டால்கூடத் தெரியாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்ன பத்தியம்தான் எல்லாவற்றிலும் கடுமையானது. "இனி ஒண்ணும் செய்யக்கூடாது. சூடு கூடாது, ஐஸ் கூடாது, எண்ணெய் கூடாது, பச்சிலை கூடாது, ஒத்தடம் கூடாது. காலை மேல தூக்கி வெச்சு, சும்மா விடணும்."

கண்ணுகளா, நம் சனத்திடம் மலையைத் தூக்கச் சொல்லுங்கள், தூக்கிவிடுவார்கள். சீக்காளியைச் சும்மா விடச் சொன்னால் முடியுமா?

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே இரண்டு கட்சியும் வந்துவிட்டன. காலைப் பார்த்ததும் அத்தை பதறினாள். "எப்பிடிச் செவந்து கெடக்குது பாரு! நான் சொன்னனா இல்லியா? சோத்துக்கத்தாழைய அரைச்சுப் பூசோணும்."

மாமா குறுக்கே விழுந்தார். "தொடாதீங்க! ஏறின சூடு ஆறிப்போச்சுன்னா மருந்து நின்னு போயிரும். செங்கல்லக் காய்ச்சித் துணி சுத்தி வெக்கோணும். சூடு உட்டுப் போகாம பாத்துக்கோணும்."

"அவன என்ன மாடுன்னு நெனச்சீங்களா?"

"மாடா இருந்தா இன்னேரம் எந்திரிச்சு நடந்திருக்கும்!"

"டாக்டரம்மா ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

"அது ஆசுபத்திரிக்காரங்களுக்குச் சொன்னது" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான். அந்த ஒற்றுமை அங்கேயே நிற்கவில்லை. சண்டை போட்டால் சொந்தபந்தம், ஒரம்பரை கெட்டுப்போகும் என்று இருவரும் விட்டுக்கொடுத்து ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்: மறுநாள் பொழுது விடிந்ததும் செங்கல், அது ஆறினபிறகு கத்தாழை. இரண்டு குடும்பத்துக்கும் மரியாதை. என் காலுக்கு மட்டும்தான் மரியாதை இல்லை. மரத்துப்போன கால். செங்கல் சுட்டு வெந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

உங்கள் அம்மா காப்பி கொடுத்து இருவரையும் அனுப்பிவைத்தாள். அவளால் என்ன சொல்ல முடியும்? ஒருவர் கூடப்பிறந்த அண்ணன். இன்னொருத்தி புருஷனின் அக்கா. முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்றால் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

காலையில் நான் எழுந்தபோது வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

அதற்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது, ஆத்தா வந்திருக்கிறாள். வெளி ஆள் உள்ளே வரக்கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, நெருப்புச் சூடு காட்டக்கூடாது, எதையும் பூசக்கூடாது, மருந்து மாயம் ஒன்றும் செய்யக்கூடாது. படுத்திருக்கிறவரைச் சும்மா விடவேண்டும். டாக்டரம்மா சொன்ன பத்தியம்தான். டாக்டரம்மா சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை. வேப்பிலை சொன்னது.

அத்தை கத்தாழைக் கிண்ணத்தோடு வந்தாள். நிலையைப் பார்த்ததும் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்துக் கும்பிட்டாள்.

"எப்ப அம்மிணி?"

"உள்ள வந்து பாக்காதீங்க. காலெல்லாம் செவந்து, அங்கங்க கொப்பளமா இருக்குதுங்க" என்றாள் உங்கள் அம்மா. அதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. மருந்தினால் நிஜமாகவே இரண்டு மூன்று கொப்புளம் கண்டிருந்தது.

பின்னாலேயே மாமா, சாக்கில் சுற்றின சுடுசெங்கல்லோடு. ஆத்தா வந்த வாசலில் அந்தச் சூட்டை இறக்கிவைக்கவும் முடியாது, உள்ளே கொண்டுவரவும் முடியாது. வலது கையிலிருந்து இடது கைக்கும், இடது கையிலிருந்து வலது கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, "தாயே, தாயே" என்று அப்படியே திரும்பி வீடுவரை நடந்தார். சன்னல் வழியாகப் பார்த்தேன். சூடு நல்லது என்று அவர் முகத்தில் அன்றைக்கு எழுதியிருக்கவில்லை.

எனக்குத்தான் மனசு உறுத்தியது. "சாமி விஷயத்துல பொய் சொல்லலாமா அம்மிணி?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே. வேப்பிலை கட்டினேன். வேப்பிலை கெடுதலுங்களா?"

கால் சிவப்பு பழுப்பாகி, பழுப்பு தோலாக உரிந்து விழும்வரை வேப்பிலை இருந்தது. வாடினால் உங்கள் அம்மா புதுக் கொத்து செருகிவிடுவாள். அத்தை வேலிக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டுவிட்டுப் போவாள். பிறகு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கெண்டைக்காலில் விரலை மெல்ல ஓட்டினார். மணிகள் வாடித் தட்டையாகி, தோலில் கறைதான் மிச்சம் இருந்தது. முட்டிக்கு மேலே இருந்ததும் அப்படியே. "நன்னாயி" என்றார். மறுபடி வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, விடாமல் வந்து காட்டவேண்டும், வீட்டில் எல்லோரும் உள்ளங்காலை அவ்வப்போது பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னார். இப்போதைக்குக் கால் என்னுடையது.

ஊரே சந்தோஷப்பட்டது. அப்போதுதான் அத்தை, கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாளே, அதில் என்ன கேட்டாள் என்பதைச் சொன்னாள்.

"கால் தப்பிச்சா, அந்தக் காலோடவே நீ குண்டம் எறங்கறதா நேந்திருக்கறேன் சாமி."

குண்டம் என்றால் மாரியாத்தா கோயில் முன்னால் விறகை எரித்துத் தணலாக்கிப் பரப்புவார்களே, அதுதான். நேர்ந்தவர்கள் அதன்மேல் வெறுங்காலோடு நடந்து வரவேண்டும். சூடு ஒரு சொட்டு கூடினால் கால் போய்விடும் என்று ஓர் ஆளை உட்கார வைத்து அளந்து காப்பாற்றின கால். அதைக் கொண்டுபோய்த் தணலில் வைக்கவேண்டும். எனக்குச் சிரிக்கவும் தைரியமில்லை, மறுக்கவும் தைரியமில்லை. நேர்ந்தது ஆத்தாளுக்கு. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தீயிலயோ?" என்றார். அந்தச் சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அடுத்து என்ன திட்டு வருமோ என்று நானே வைத்துவிட்டேன்.

பூசாரியிடம் போனோம். மாமாவும் வந்தார். பூசாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவருக்கு ஒடம்பு முடியலீன்னா அவருக்காக ஒரம்பரைல ஒருத்தர் எறங்கலாமுங்க. ஆத்தா ஏத்துக்குவா" என்றார்.

உங்கள் அம்மா மெல்ல முன்னால் வந்தாள். "அப்பறம் என்னுங்க? சூட்டப் பத்தித் தெரிஞ்சவர் எங்க அண்ணன்தான். அவரே எறங்கட்டுமே."

மாமா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அத்தையின் கட்சியில் சேர்ந்தார்.

"எனக்கு ஒடம்பு சூடு அம்மிணி. ஆகாது."

பூசாரிகூடச் சிரித்துவிட்டார். சிரிக்காதவள் அத்தை ஒருத்திதான். "நேந்தது நானு. நானே எறங்கறேன்" என்றாள்.

இறங்கினாள். மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, "தாயே" என்று ஒரு கூச்சல். நான் தணலின் அனல் படாத தூரத்தில் நின்றிருந்தேன். என் காலுக்காக அவள் கால் தணலில் போய்க்கொண்டிருந்தது. விளக்கெண்ணெய், வெந்தயத் தண்ணீர் எல்லாம் அப்போது எனக்கு மறந்துபோயிற்று.

இந்தக் கரைக்கு வந்ததும் அவளைக் கல்லில் உட்கார வைத்தோம். மூச்சு வாங்கின கையோடு காலை நீட்டிக் காட்டினாள். "பாரு தம்பி, ஒரு கொப்பளம் இருக்குதா? ஏன்? ஒடம்புல குளுமை இருக்குது!"

"அதெப்பிடி?" என்றார் மாமா. "நெருப்பு மேல நடந்துபோட்டுச் சொகமா இருக்கறீங்க. அப்ப சூடு நல்லதுன்னு ஆச்சா இல்லியா?"

"வாய மூடுங்க, எறங்காத ஆளு."

அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். இன்றுவரை முடிக்கவில்லை. அத்தையின் உள்ளங்கால் கரியும் சாம்பலுமாகக் கறுத்துக் கிடந்தது. எல்லோர் உள்ளங்காலையும் பார்க்கச் சொல்லி டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. நம் வீட்டில் எல்லோர் காலையும் பார்த்தாயிற்று. பார்க்கக் கொடுக்காதவள் அத்தை ஒருத்திதான். தம்பி தன் காலைத் தொடக்கூடாதாம். இப்போது நீட்டியே வைத்திருந்தாள். உங்கள் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். நான் இரண்டு காலையும் மடக்கி, கறவைக்குக் குந்துகிற மாதிரி அவள் முன்னால் குந்தினேன். குதிகாலை என் இரண்டு முட்டிக்கும் நடுவில் பிடித்துவைத்து, துண்டை நனைத்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

வெறும் கரிதான். துடைத்ததில் எல்லாம் போய்விட்டது, கீழே ஒரு புள்ளிகூட இல்லை.